எரிவது மெழுகா, திரியா?

கேள்வி-பதில் பகுதிக்கு இம்முறை மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மெழுகுவர்த்தியைப் பற்றியவை. அவற்றை ஒன்றுசேர்த்துப் பதில் தருகிறோம்.

*ஐயா, வணக்கம். என் மகன் தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 6 படிக்கிறான். "மெழுகு உருகுவது இயற்பியல் மாற்றம், திரி எரிவது இரசாயன மாற்றம்" என்று மனப்பாடம் செய்திருக்கிறான். உருகி வழிவது கொஞ்சம்தானே, மீதி மெழுகு எங்கே போகிறது?* — ஒரு தாயார், சுங்கை சிப்புட்

அம்மா, மகன் மனப்பாடம் செய்ததில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதிதான் குழப்பத்தை உண்டாக்குகிறது. மெழுகு படாத வெறும் பருத்தித் திரியை விரல் நீளத்துக்கு நறுக்கி, தட்டில் வைத்துப் பற்றவையுங்கள். கொஞ்ச நேரத்தில் கருகிச் சாம்பலாகிவிடும். அதே திரி மெழுகுக்குள் நின்றால் மணிக்கணக்கில் எரிகிறது. எரிபொருள் மெழுகுதான் என்பது இதிலேயே தெரிந்துவிடும். திரி மெழுகை மேலே ஏற்றிக் கொடுக்கும் வழி, அவ்வளவுதான்.

ஆனால் ஒரு மெழுகுக் கட்டியின் மேல் தீக்குச்சியைக் காட்டினால் அது உருகுமே தவிர, பற்றிக்கொள்ளாது. கட்டியும் எரியாது, உருகிய மெழுகும் அந்தச் சூட்டில் எரியாது. எரிவது மெழுகின் ஆவி. நடப்பதை வரிசையாகச் சொல்கிறோம். சுடரின் சூடு கீழே இறங்கி மெழுகை உருக்குகிறது. கடையில் கிடைக்கும் பாரஃபின் மெழுகு ஏறக்குறைய 50 முதல் 65 பாகை செல்சியஸில் உருகும். உருகிய மெழுகு திரியின் நூலிழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகள் வழியாக மேலேறுகிறது. சுடருக்குள் நுழைந்ததும் கொதித்து ஆவியாகிறது. இதுவரை எல்லாமே இயற்பியல் மாற்றம்தான். மெழுகு மெழுகாகவே இருக்கிறது.

அந்த ஆவி சுடரின் நடுவே கடுஞ்சூட்டில் சிறு சிறு துண்டுகளாக உடைகிறது. அங்கே உயிர்வளி (ஆக்சிஜன்) குறைவு என்பதால், உடைந்ததில் ஒரு பகுதி கரித்துகளாகிறது. சுடரின் ஓரத்துக்கு வந்து காற்றைச் சந்தித்ததும் எல்லாம் எரிந்து, கரிவளியாகவும் (கார்பன் டைஆக்சைடு) நீராவியாகவும் மாறி மேலே போய்விடுகிறது. உடைவதும் எரிவதும் இரசாயன மாற்றங்கள். உங்கள் மீதி மெழுகு போன இடம் அதுதான்: உங்கள் வீட்டுக் காற்று.

கணக்கு வேண்டுமானால் இதோ. பாரஃபின் பல சேர்மங்களின் கலவை. அதில் 25 கார்பன் அணுக்களும் 52 ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட ஒரு மூலக்கூற்றை எடுத்துக்கொள்வோம். அது முழுதாக எரிய 38 உயிர்வளி மூலக்கூறுகள் வேண்டும். 25 கரிவளி மூலக்கூறுகளும் 26 நீர் மூலக்கூறுகளும் உண்டாகும். எடையில் பார்த்தால், 10 கிராம் மெழுகு காற்றிலிருந்து 34.5 கிராம் உயிர்வளியை எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய 31 கிராம் கரிவளியையும் 13 கிராம் நீரையும் தருகிறது. மெழுகுவர்த்தி தேய்கிறதே தவிர, பொருள் எதுவும் அழியவில்லை.

மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். "திரும்பப் பெற முடிந்தால் இயற்பியல், முடியாவிட்டால் இரசாயனம்" என்ற குறுக்குவழியை நம்ப வேண்டாம். கிழித்த காகிதத்தைப் பழையபடி ஆக்க முடியாது. ஆனாலும் அது காகிதம்தான். கைப்பேசியின் மின்கலத்தில் நடப்பது இரசாயன மாற்றம். ஆனால் மின்னேற்றினால் பழைய நிலைக்குத் திரும்புகிறது. புதிய பொருள் உண்டானதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

*மெழுகுவர்த்தியை ஊதி அணைத்ததும் வெள்ளையாகப் புகை வருகிறதே, அது நீராவியா?* — படிவம் 1 மாணவி, கோலகங்சார்

இல்லை, தங்கை. திரி இன்னும் சூடாக இருப்பதால் மெழுகு தொடர்ந்து ஆவியாகிறது. எரிக்கச் சுடர் இல்லாததால் அந்த ஆவி குளிர்ந்து, மிக நுண்ணிய மெழுகுத் துளிகளாகவும் துகள்களாகவும் மாறிவிடுகிறது. அதுதான் நீ பார்க்கும் வெண்புகை.

இதைச் சோதிக்கலாம், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். மெழுகுவர்த்தியை ஐந்து நிமிடம் நன்றாக எரியவிடு. தீக்குச்சியையோ இன்னொரு மெழுகுவர்த்தியையோ முன்னதாகவே கொளுத்திக் கையில் வைத்துக்கொள். சுடரை மெல்ல ஊதி அணைத்து, உடனே அந்த நெருப்பைப் புகைக்குள் கொண்டுபோ. திரிக்கு 2, 3 செண்டிமீட்டர் மேலே வைத்தாலே போதும். நெருப்பு புகை வழியே தாவி இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். காத்தாடி (மின்விசிறி) சுழன்றால் புகை கலைந்து சோதனை பலிக்காது. பலமாக ஊதினாலும் திரி குளிர்ந்துவிடும். அதிகம் தாமதித்தாலும் கிடைக்காது.

ஆங்கிலேய அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே 1860-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்கென்று ஆறு சொற்பொழிவுகளைத் தொடங்கினார். எல்லாமே மெழுகுவர்த்தியைப் பற்றியவை. வளைந்த கண்ணாடிக் குழாயின் ஒரு முனையைச் சுடரின் இருண்ட நடுப்பகுதியில் வைத்து, மறுமுனையில் வெளிவந்த ஆவியைக் கொளுத்திக் காட்டினார். எரிவது ஆவிதான் என்ற அதே உண்மையைத்தான் நீ செய்யப்போவதும் காட்டும்.

*அறிவியல் கண்காட்சிக்கு "மெழுகு எரிந்தால் நீரும் கரிவளியும் உண்டாகும்" என்று செய்துகாட்ட வேண்டும். ஆய்வுக்கூடப் பொருள் எதுவும் இல்லாமல் முடியுமா?* — ஆசிரியர், தோட்டத் தமிழ்ப்பள்ளி

முடியும், ஐயா. வெற்றிலைக் கடையில் கிடைக்கும் வெள்ளைச் சுண்ணாம்பே போதும்.

சுண்ணாம்பு நீர் முதல் நாளே தயாராக வேண்டும். கொதித்து ஆறிய நீர் ஒரு லிட்டரில் ஒரு தேக்கரண்டிச் சுண்ணாம்பைக் கலக்கி, போத்தலை இறுக மூடி, இரவு முழுவதும் அசையாமல் வையுங்கள். ஒரு லிட்டரில் கரைவது 2 கிராமுக்கும் குறைவுதான். மீதி அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்த நீரை மட்டும் வேறு போத்தலுக்கு மாற்றி மூடிவிடுங்கள். திறந்து வைத்தால் காற்றிலுள்ள கரிவளியே மேலே வெண்படலம் கட்டிவிடும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. கலக்குவதைப் பெரியவர்களே செய்யட்டும்.

ஒரே அளவுள்ள இரண்டு ஜாம் போத்தல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில், கம்பியில் கட்டிய சிறு மெழுகுவர்த்தித் துண்டை எரியும்போதே இறக்கி, வாயைத் தட்டால் மூடுங்கள். சுடர் தானாக அணைந்ததும் துண்டை வெளியே எடுத்து, இரண்டு மேசைக்கரண்டி சுண்ணாம்பு நீர் ஊற்றி, மூடி, அரை நிமிடம் குலுக்குங்கள். பால்போல் வெளுக்கும். கரிவளி சுண்ணாம்பு நீரோடு சேர்ந்து, நீரில் கரையாத சுண்ணாம்புக் கார்பனேட்டாவதே காரணம். மற்றதில் எதையும் எரிக்காமல் அதே அளவு சுண்ணாம்பு நீரை ஊற்றி அதே நேரம் குலுக்குங்கள். அது ஏறக்குறைய தெளிவாகவே இருக்கும். இந்த இரண்டாவது போத்தலை விட்டுவிடாதீர்கள். "காற்றிலேயே இருந்த கரிவளிதானே?" என்று யாராவது கேட்டால் பதில் அங்கேதான் இருக்கிறது. உறிஞ்சு குழலில் மூச்சை ஊதியும் வெளுக்க வைக்கலாம். ஆனால் நிறுத்தாமல் ஊதிக்கொண்டே போனால், வெளுத்தது மறுபடி தெளிந்துவிடும். சுண்ணாம்புக் கார்பனேட்டு, கூடுதல் கரிவளியோடு சேர்ந்து, நீரில் கரையும் பைகார்பனேட்டாக மாறுவதே காரணம்.

நீரைக் காட்டுவதில்தான் நம் நாட்டில் பலர் சறுக்குகிறார்கள். வெளிநாட்டு நூல்களில் "குளிர்ந்த கண்ணாடியைச் சுடருக்கு மேல் பிடி" என்று இருக்கும். இங்கே ஐஸ் தண்ணீர் ஊற்றிய கோப்பை, சுடர் இல்லாமலே வியர்க்கும். நம் காற்றில் அவ்வளவு ஈரம். அதனால் கோப்பை அறையின் சூட்டிலேயே, நன்றாகத் துடைத்து உலர்ந்ததாக இருக்க வேண்டும். அதைக் கவிழ்த்து, சுடரின் நுனிக்குச் சற்று மேலே பிடியுங்கள். உட்புறம் நொடியில் மங்கும். விரலால் தொட்டால் ஈரம் தெரியும். பத்து விநாடிக்கு மேல் வைத்தால் கண்ணாடி சூடேறி மங்கல் மறைந்துவிடும், வெடிக்கவும் கூடும்.

எடை குறைவதைக் காட்ட விரும்பினால், சமையலறைத் தராசு போதாது. சாதாரண மெழுகுவர்த்தி மணிக்கு 5 முதல் 8 கிராம்தான் எரிகிறது. 0.1 கிராம் வரை காட்டும் சிறு மின்னியல் தராசின் மேல் ஓடு ஒன்றை வைத்து, அதன் மேல் மெழுகுவர்த்தியை நிறுத்தினால், பத்து நிமிடத்தில் ஏறக்குறைய 1 கிராம் குறைவதை மாணவர்களே பார்க்கலாம்.

*தட்டில் தண்ணீர், நடுவில் மெழுகுவர்த்தி, மேலே கோப்பையைக் கவிழ்த்தால் நீர் ஏறுகிறது. உயிர்வளி தீர்ந்துபோவதால் ஐந்தில் ஒரு பங்கு நீர் ஏறுகிறது என்று பயிற்சி நூலில் போட்டிருக்கிறது. சரிதானா?* — படிவம் 3 மாணவர், சுங்கை சிப்புட்

தவறு, தம்பி. பல தலைமுறையாக நூல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிவந்த தவறு இது. திருத்தப்பட்டே ஆக வேண்டும்.

முதலில், கோப்பைக்குள் உயிர்வளி முழுதாகத் தீர்வதில்லை. காற்றில் 21 விழுக்காடாக இருப்பது ஏறக்குறைய 16 விழுக்காட்டுக்கு இறங்கியதுமே சுடர் அணைந்துவிடுகிறது. அடுத்து, எரிந்த உயிர்வளியின் இடத்தைக் கரிவளி பெருமளவு நிரப்பிவிடுகிறது. அது தண்ணீரில் மெதுவாகத்தான் கரையும். 300 மில்லிலிட்டர் கோப்பையில் கணக்குப் போட்டுப் பார். 15 மில்லிலிட்டர் உயிர்வளி செலவாகிறது, 10 மில்லிலிட்டர் கரிவளி உண்டாகிறது, நீராவியோ குளிர்ந்து நீராகிவிடுகிறது. ஆக, இரசாயன மாற்றத்தால் குறைவது 5 மில்லிலிட்டர்தான். ஐந்தில் ஒரு பங்கு என்றால் 60 மில்லிலிட்டர் ஏற வேண்டும்.

அப்படியானால் அவ்வளவு நீரை ஏற்றுவது எது? சூடுதான். கோப்பையைக் கவிழ்க்கும்போதே உள்ளே போகும் காற்று சூடாகி விரிந்திருக்கிறது. கொஞ்சம் ஓரத்தில் குமிழாகவும் வெளியேறும். சுடர் அணைந்ததும் மீதிக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. இது இயற்பியல் மாற்றம்.

நீயே சரிபார்க்க இரண்டு வழிகள் உண்டு. நீர் எப்போது ஏறுகிறது என்று கவனி. எரியும்போது மெல்ல மெல்ல அல்ல, அணையும் தறுவாயிலும் அணைந்த பிறகும்தான் சட்டென்று ஏறும். அடுத்து, அதே கோப்பையை ஒரு மெழுகுவர்த்தியோடு ஒருமுறையும் மூன்று மெழுகுவர்த்திகளோடு ஒருமுறையும் கவிழ்த்துப் பார். கோப்பைக்குள் இருந்த உயிர்வளி இரண்டு முறையும் ஒன்றுதான். ஆனால் மூன்று இருக்கும்போது நீர் அதிகமாக ஏறும்.

*சுடர் ஏன் அடியில் நீலமாகவும் மேலே மஞ்சளாகவும் இருக்கிறது? எங்கள் வீட்டில் சாமி மேடைக்கு மேலே சுவர் கரியாகிவிடுகிறது.* — குடும்பத்தலைவி, தோட்ட வீடமைப்புப் பகுதி

அடிப்பகுதியில் காற்று நன்றாகக் கலக்கிறது. எரிதலின்போது உண்டாகும் கார்பன், ஹைட்ரஜன் துணுக்குகளே அங்கே நீல ஒளியை விடுகின்றன. மேலே மஞ்சளாகத் தெரிவது, பழுக்கக் காய்ந்த கரித்துகள்கள். கரித்துகள் உண்டாவது இரசாயன மாற்றம். அது சூட்டில் ஒளிர்வது மட்டும், உலையில் இரும்பு ஒளிர்வதைப் போல, இயற்பியல் நிகழ்ச்சி. பழைய கரண்டியின் பின்புறத்தை மஞ்சள் பகுதிக்குள் ஒரு கணம் காட்டினால் கரி அப்பிக்கொள்ளும். நுனிக்கு நன்றாக மேலே, சுடர் அசையாத இடத்தில் பிடித்தால் கரி படாது. சுடர் ஒழுங்காக எரியும்போது துகள்கள் ஓரத்துக்கு வந்து முழுதாக எரிந்துவிடுவதே காரணம். ஓரத்தில் சூடு ஏறக்குறைய 1400 பாகை செல்சியஸ் வரை இருக்கும்.

உங்கள் சுவர் கரியாக இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று காத்தாடி. சுடர் ஆடும்போதெல்லாம் கரித்துகள்கள் எரியுமுன்பே குளிர்ந்து வெளியேறுகின்றன. மற்றொன்று நீளமான திரி. அது தேவைக்கு மேல் மெழுகை ஆவியாக்குகிறது, அவ்வளவையும் எரிக்கக் காற்று போதாது. ஏற்றுமுன் திரியை 5 மில்லிமீட்டருக்கு நறுக்குங்கள். எண்ணெய் விளக்குக்கும் இதே விதிதான்: திரியைச் சற்று உள்ளே இழுத்துவிட்டால் புகை நின்றுவிடும்.

*தேவாலயத்தில் மிஞ்சும் மெழுகுத் துண்டுகளை உருக்கி மறுபடி வர்த்தியாக்க நினைக்கிறோம். உருகி இறுகிய மெழுகு தரம் கெட்டுப்போகுமா? முன்பு செய்தபோது நடுவில் குழி விழுந்தது, சில வர்த்திகள் பற்றவே இல்லை.* — இளைஞர் குழு, ஈப்போ

எத்தனை முறை உருக்கினாலும் மெழுகு மெழுகுதான், மிகையாகச் சூடேற்றாத வரையில். நேரடியாக அடுப்பில் வைத்தால் மெழுகு பழுப்பாகிக் காரமான நெடி அடிக்கும். அது காற்றோடு சேர்ந்து சிதைகிறது என்று அர்த்தம். அந்த மாற்றத்தைத் திருப்ப முடியாது.

பெரிய சட்டியில் தண்ணீர் கொதிக்கட்டும். உள்ளே ஒரு மைலோ டின்னை, அடியில் சிறு கம்பி வளையம் வைத்து நிறுத்தி, அதில் மெழுகைப் போடுங்கள். கொதிநீர் 100 பாகையைத் தாண்டாது என்பதால் மெழுகும் தாண்டாது. டின்னுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீரும் போகக் கூடாது. போனால் வர்த்தி எரியும்போது படபடவென்று தெறிக்கும். உருகியதும் பழைய பருத்தித் துணியில் வடிகட்டுங்கள். தீக்குச்சித் துண்டுகளும் கருகிய திரிகளும் உள்ளே இருந்தால், அவையே இரண்டாம் திரியாகி வர்த்தி முழுவதும் பற்றிக்கொள்ளும்.

பற்றாத வர்த்திக்குக் காரணம் பெரும்பாலும் திரிதான். காய்ந்த திரியை அப்படியே நட்டால், மெழுகு ஏறுமுன் திரி கருகி முடிந்துவிடும். பின்னல் போட்ட பருத்தித் திரியை உருகிய மெழுகில் அமிழ்த்தி, காற்றுக் குமிழ்கள் வருவது நிற்கும்வரை வைத்திருந்து, நேராக நீட்டிக் காயவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள். பின்னல் திரிதான் வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. அது எரியும்போது நுனி வளைந்து சுடரின் ஓரத்துக்கு வந்து, தானே எரிந்து குட்டையாகிக்கொள்ளும்; முறுக்கு நூல் அப்படி வளையாது. நிறத்துக்காக மாணவர்களின் மெழுகு வண்ணக்கோலை உருக்கிச் சேர்த்திருந்தாலும் வர்த்தி பற்றாது. அதன் நிறத்துகள்கள் மெழுகில் கரையாமல் திரியை அடைத்துவிடும். திரி மெலிந்திருந்தால், சுடரைச் சுற்றி மட்டும் உருகிக் கிணறுபோல் இறங்கும், தடித்திருந்தால் புகையும்.

குழி விழுவது உங்கள் பிழை அன்று. தண்ணீர் உறையும்போது விரியும். மெழுகு உறையும்போது சுருங்கும். ஓரங்கள் முதலில் இறுகுவதால் சுருக்கம் முழுவதும் நடுவில் வந்து சேர்கிறது. மெழுகை ஏறக்குறைய 75 பாகைச் சூட்டில் அச்சில் ஊற்றுங்கள். மேலே படலம் கட்டியதும், திரியைச் சுற்றி மூன்று நான்கு இடங்களில் குச்சியால் குத்தி, எடுத்து வைத்த மெழுகை ஊற்றி நிரப்புங்கள். வெயிலில் வளையாத வர்த்தி வேண்டுமானால், 900 கிராம் மெழுகுக்கு 100 கிராம் ஸ்டியரிக் அமிலம் சேர்க்கலாம். நம் செம்பனை எண்ணெயிலிருந்தே அது தயாராகிறது.

மெழுகு தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் மெழுகைவிடக் கனமானது. அடியில் போய் நொடியில் நீராவியாகி விரிந்து, எரியும் மெழுகைக் கூரைவரை வீசும். அடுப்பை அணைத்து, மூடியால் மூடுங்கள். அந்த மூடி வேலை தொடங்கும்போதே கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

*சூடம் டப்பாவுக்குள்ளேயே கரைந்து சிறுத்துப்போகிறதே?* — கோயில் தொண்டர், தோட்டம்

கற்பூரம் உருகாமலே நேராக ஆவியாகும். பதங்கமாதல் எனப்படும் இது இயற்பியல் மாற்றம்தான். டப்பா மூடியின் உட்புறம் பூத்திருக்கும் வெண்படிகமும் கற்பூரமே. இறுக்கமான மூடி போட்டு, வெயில் படாத இடத்தில் வைத்தால் இழப்பு குறையும். ஏற்றியபின் எரிவதும் அந்த ஆவியே, அது இரசாயன மாற்றம். அளவோடு ஆவியைத் தரத் திரி இல்லாததாலும், அதில் ஹைட்ரஜனோடு ஒப்பிட்டால் கார்பன் பங்கு அதிகம் என்பதாலும் தட்டில் அவ்வளவு கரி. குழந்தைகள் கையில் எட்டாமல் வையுங்கள். சிறிதளவு விழுங்கினாலே வலிப்பு வரும்.

*ரப்பர் பாலில் பார்மிக் அமிலம் ஊற்றினால் கட்டியாகிறது. இது எந்த மாற்றம்?* — படிவம் 5 மாணவர், சுங்கை சிப்புட்

பாலில் மிதக்கும் ஒவ்வொரு ரப்பர் துகளையும் புரதப் படலம் ஒன்று மூடியிருக்கிறது. அதன் எதிர்மின்னூட்டத்தால் துகள்கள் ஒன்றை ஒன்று விலக்குகின்றன. அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் அந்த மின்னூட்டத்தை நடுநிலையாக்கும்போது துகள்கள் மோதி, படலம் உடைந்து, ரப்பர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. படலத்தில் நடப்பது இரசாயன மாற்றம். ரப்பர் மூலக்கூறோ பாலில் இருந்தபடியே கட்டியிலும் இருக்கிறது. அதனால் தேர்வில் ஒரே சொல்லில் முடிக்காமல் இரண்டையும் எழுது. அந்த மூலக்கூறுகளையே கந்தகப் பாலங்களால் பிணைக்கும் வல்கனைசேஷன்தான் ரப்பரை இரசாயன முறையில் மாற்றுகிறது. பால் கட்டியாகாமல் இருக்க அம்மோனியா சேர்ப்பதும் இதே காரணத்தால்தான். பாக்டீரியா உண்டாக்கும் அமிலத்தை அது நடுநிலையாக்கி, துகள்களின் மின்னூட்டத்தைக் காத்துவைக்கிறது.